துட்டியா, தர்மமா?

இதைக் கோபப்படாமல் எழுத வேண்டும் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். ரத்தக் கொதிப்பு ஏறிவிடுமாம். அவளுக்கென்ன, அவள் எங்கள் ஊர்ச் சாவடியைப் பார்த்தவளா? நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் வயசுக்காரர்கள், கம்பம் பள்ளத்தாக்கில் ஏதாவது ஓர் ஊரில் பிறந்தவர்கள், ஒரு காரியத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒன்பது பேச்சுப் பேசுகிற ஆம்பளைகள் நடுவில் வளர்ந்தவர்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன். நடுவில் நான் பல்லைக் கடித்தால், இருக்கிறதே நாலு பல், கண்டுகொள்ளாதீர்கள்.

அது ஒரு தை மாதம். எங்கள் ஊர் சின்னமனூருக்கும் வீரபாண்டிக்கும் நடுவில், வாய்க்கால் ஓரம். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் நாங்கள் மாட்டுக்குக் கொம்பில் காவி பூசிக்கொண்டிருந்த நேரத்தில், வடக்கே கங்கைக்கு அந்தப் பக்கம், பீகார் என்கிற சீமையில் பூமி குலுங்கி ஊர் ஊராக விழுந்துவிட்டது. எங்களுக்கு அது உடனே தெரியாது. ஒரு வாரம் போலக் கழித்துத் தேனியிலிருந்து கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். சாவடியில் நின்று பத்திரிகையை விரித்துப் படித்தார். படித்தது பாதிப் பேருக்குப் புரியவில்லை. பிறகு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாயாலேயே சொன்னார்.

“வயலெல்லாம் பொளந்து, உள்ளயிருந்து தண்ணியும் மணலும் பொங்கி வந்துருக்கு. கெணறு பூராவும் மணலு மூடிருச்சு. வீடு விழுந்து செத்தவுக ஒரு பக்கம். பொழச்சவுக வெட்டவெளியில கெடக்காக. அங்கன இப்ப என்னா கூதல்ங்கிறீக? நம்ம ஊருக் கூதலெல்லாம் அதுக்குக் காணாது. போத்த ஒண்ணுமில்லாம, பச்சப் பிள்ளைகளக் கட்டிக்கிட்டுக் கெடக்காக.”

“அடி ஆத்தே!” என்று பொம்பளைகள் மாரில் கை வைத்தார்கள். ஊர் நாட்டாமை முதலில் கேட்ட கேள்வி, “நம்ம பெரியாத்து அணைக்கு ஒண்ணுமில்லையே?” அணை நன்றாக இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அப்புறம் ஆளாளுக்கு நினைவு வர ஆரம்பித்தது. எங்கள் அப்பா, அன்றைக்கு மத்தியானம் எருமை ஒரு மாதிரி முறைத்துப் பார்த்தது என்றார். எதிர்வீட்டுக்காரி, உறியில் இருந்த மோர்ப்பானை தானாக ஆடியது என்றாள். “நம்ம வீட்டுல ஒண்ணும் ஆடலையேம்மா” என்று நான் சொன்னேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

அவர்களுடைய இரக்கம் பொய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் திட்டும்போது நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் தெருவில் பல வீட்டில் உலை வைக்கவில்லை. பொம்பளைகள் கூடி உட்கார்ந்து, மொழி தெரியாத, முகம் தெரியாத அந்தச் சனங்களுக்காக ஒப்பாரி வைத்தார்கள். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஊரே நல்ல ஊர். நல்லவர்கள்தான் எல்லாரும். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. கெட்டவர்களாக இருந்தால் ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம்.

கதர்க்காரர் கேட்டது சின்ன விஷயம். நெல், சோளம், துணிமணி எது முடிகிறதோ அது. முக்கியமாகக் கம்பளி. “இந்த வாரக் கடைசிக்குள்ள தேனி டேசனுக்குக் கொண்டாந்துட்டீகன்னா, மத்த ஊருச் சாமானோட சேத்துக் கூட்ஸ்ல ஏத்திருவோம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். வீட்டுக்கு வீடு நெல் வந்தது. அப்போதுதான் அறுவடை முடிந்திருந்தது, குதிர் நிறைய நெல். பொழுது சாய்வதற்குள் சாவடியில் மூட்டைகள் அடுக்கியாகிவிட்டது. மறுநாள் காலையில் வண்டியைப் பூட்டியிருந்தால் இந்தக் கதை இல்லை.

மறுநாள் காலையில் அப்பா வாயைத் திறந்தார்.

எங்கள் பக்கம் சாவுக்குத் துட்டி என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும், பேரன் பேத்திகள் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். துட்டிக்குப் போகிறவர்கள் செத்தவர் மேல் போர்த்தப் புதுத்துணி எடுத்துப் போக வேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். யார் கோடி முதலில் விழுவது என்பதற்கு வெட்டுக்குத்து வரை போனவர்கள் உண்டு. எங்கள் ஊரில் முதல் கோடி எடுக்கிற உரிமை எங்கள் வீட்டுக்கு. அப்பாவுக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. நாட்டாமைக்கு வேறு பெருமை. மாசி மாதம் அம்மனுக்குக் காப்புக் கட்டித் திருவிழா நடக்கும்போது முதல் மரியாதை அவருக்கு. ஆனால் ஊரில் துட்டி விழுந்தால் ஊருக்கே தீட்டு. தீட்டோடு காப்புக் கட்ட முடியாது.

“இத்தன உசுரு போயிருக்கு. இது ஊருத் துட்டி மாமா. வெறும் நெல்ல அனுப்பிட்டு இருந்துர முடியுமா? வீட்டுக்கொரு கோடி எடுத்து அனுப்பணும். மொதக் கோடி நான் எடுக்குறேன்” என்றார் அப்பா.

நாட்டாமைக்கு வெற்றிலை புரை ஏறியது. “ஏ மாப்ளே, வாயக் கழுவு! துட்டின்னு சபையில சொல்லிட்டா மாசிக் காப்பு என்னாகுறது? இது தர்மம். அன்னதானம் மாதிரி. நல்ல நாள் பாத்து, வெத்தல பாக்கு வச்சு, மஞ்சக் குங்குமத்தோட அனுப்பணும்.”

“எழவு வீட்டுக்கு மஞ்சக் குங்குமமா? காறித் துப்ப மாட்டாக?”

“எழவு வீடுன்னு நமக்கு யாரு சொல்லி விட்டா? எழவு சொல்ல ஆளு வந்துச்சா?”

“எழவு சொல்லக்கூட ஆளு இல்லாமத்தேன் மாண்டு போயிருக்காக!”

இப்படி ஆரம்பித்தது. அப்பா பக்கம் பாதி ஊர், நாட்டாமை பக்கம் பாதி ஊர். துட்டி என்றால் இன்னார் முதலில், தர்மம் என்றால் இன்னார் முதலில். மூட்டைகள் பாட்டுக்குச் சாவடியில் கிடந்தன. நாங்கள் பிள்ளைகள் அதன் மேல் ஏறிக் குதித்து விளையாடினோம்.

இந்த இடத்தில் என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கச்சி. சின்ன வயசிலேயே தாலியறுத்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அவள் புருஷன், என் மாமா, போடிக்கு மேலே மலையில் ஏலத் தோட்டத்தில் காவலுக்கு இருந்தார். மலைக்காய்ச்சல் வந்தது. நடுக்கம் என்றால், கட்டில் கால் நாலும் தரையில் தடதடவென்று அடிக்குமாம். இருந்தது ஒரே கம்பளி. அதைப் போர்த்தி, அது போதாமல் சாக்கைப் போர்த்தி, அதுவும் போதாமல் அத்தை அவர் மேலேயே படுத்துக்கொள்வாளாம். அப்படியும் நடுக்கம் நிற்கவில்லை. மூச்சுத்தான் நின்றது.

அவள் மலையிலிருந்து கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டியும் அந்தக் கம்பளியும்தான். கறுப்புக் கம்பளி, ஆட்டு மயிர், கன்னத்தில் பட்டால் குத்தும். ஏலக்காய் உலர்த்துகிற அறையின் புகை அதில் ஏறிப் போயிருந்தது. எத்தனை வெயிலில் போட்டாலும் அந்த வாசம் போகாது. நானும் என் தம்பிமாரும் அம்மாவின் பெரிய மெத்தைப் போர்வைக்குள் படுப்போம். ஆனால் தை மாதத்தில் விடிகிற நேரம், மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கும்போது, நான் நைசாக எழுந்து அடுப்படிப் பக்கம் போய் அத்தையின் கம்பளிக்குள் நுழைந்துகொள்வேன். உள்ளே அப்படி ஒரு சூடு. “ஏத்தா, காலு ஐசு மாதிரி இருக்கு, தள்ளி வையி” என்று திட்டிக்கொண்டே இழுத்து மூடுவாள்.

சாவடியில் பேச்சு முற்றிக்கொண்டிருந்த நாளில் அத்தையும் அம்மாவும் உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொழித்துக்கொண்டிருந்தேன்.

“கூதல்னா என்னன்னு இந்த ஆம்பளைகளுக்குத் தெரியல மதினி” என்றாள் அத்தை. “நடுக்கம் வந்துட்டா நம்ம கையும் காலும் நம்ம சொன்னதக் கேக்காது. பல்லு கட்டிப் போகும். அப்பக் கோடி வேட்டிய வச்சு என்ன செய்றது? அது நூல் வேட்டி.”

“அதுக்கு நீ என்ன செய்யப் போற?”

“எங் கம்பளி இருக்குல்ல.”

அம்மா உலக்கையை நிறுத்திவிட்டாள். “அதக் குடுத்துட்டு நீ எதப் போத்துவ?”

“எனக்குச் சுவரு இருக்கு, கூரை இருக்கு. அவுகளுக்கு அதுவும் இல்லேல்ல. மதினி, நான் போத்தி அந்த மனுசனுக்கு நடுக்கம் நிக்கல. எங்கனயாவது ஒத்த ஆளுக்கு நின்னுச்சுன்னா எனக்கு அது போதும்.”

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா கெட. சாவடிப் பக்கம் போயி நின்னுராத” என்றாள் அம்மா.

சொன்னால் கேட்கிற ஆளா அவள்? கம்பளியை வாய்க்காலில் அலசி, இரண்டு நாள் காயப்போட்டு, நாலாக மடித்து எடுத்துக்கொண்டு சாவடிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஆம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தை கம்பளியை மூட்டை மேல் வைத்தாள்.

நாட்டாமை எழுந்தே விட்டார். “எடு எடு! ஏத்தா, இது தர்மக் காரியம். நீ முன்னால வரலாமா? அதுவும் செத்தவன் போத்துன கம்பளிய! தர்மச் சாமானோட இத வச்சா வெளங்குமா?”

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க துட்டிங்கிறீகள்ல? துட்டிக்கு நான் வரலாம்ல?”

“வரலாம்தேன்” என்றார் அப்பா. தலையைச் சொறிந்தார். “ஆனா கோடின்னா புதுசால்ல இருக்கணும்த்தா? பழசப் போட்டா அவுகளக் கேவலப்படுத்துன மாதிரி ஆகிருமே.”

பார்த்தீர்களா அநியாயத்தை? இரண்டு பேரும் அத்தனை நாளாக ஒரு பேச்சில்கூட ஒத்துப்போகவில்லை. கிழக்கு என்றால் மேற்கு. இந்தக் கம்பளி வேண்டாம் என்பதில் மட்டும் கையைக் கோத்துக்கொண்டார்கள். அதுவும் ஒருவர் சொன்ன காரணம் மற்றவருக்கு ஆகாது. எழுதும்போதே இருக்கிற நாலு பல்லையும் கடிக்கிறேன். மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அத்தை கம்பளியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்று, என்னைப் பார்த்து, பெரிய மனுஷியிடம் கேட்பது போலக் கேட்டாள். “நடுங்குறவன் பழசா புதுசான்னு பாப்பானா பாப்பா?” பார்க்க மாட்டான் என்று நான் சொன்னேன். “ஒனக்குத் தெரியுது” என்றாள். அன்றைக்கு முழுவதும் பாத்திரம் விளக்கிய சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். கோடி வேட்டி சேலையும் போகட்டும், நெல்லும் போகட்டும். ஆனால் கோடியோடு சேர்ந்து கிடந்ததால் நெல்லுக்கும் தீட்டு, சாவடிக்கும் தீட்டு. அது கழிய, பூசாரியை வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டால் துட்டி தர்மமாகிவிடும். காப்புக்கும் குறைவில்லை, கோடிக்கும் குறைவில்லை. என்ன மூளை பாருங்கள்!

பூசாரி வேப்பிலையைத் தோய்த்து மேலாகத் தெளித்தார். “உள்ள படலையே” என்றார் நாட்டாமை. இன்னும் தெளித்தார். “அடி மூட்டைக்கு யாரு தெளிக்கிறது? ஒங்க பக்கத்து மூட்டைக்கு மட்டும் நல்லா விழுகுது” என்றார்கள் அப்பா பக்கத்துக்காரர்கள். அப்புறம் வேப்பிலை போய்ச் செம்பு வந்தது, செம்பு போய்க் குடம் வந்தது. இரண்டு பக்கமும் போட்டி போட்டு ஊற்றினார்கள். சாவடித் தரையில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. மூட்டை, துணி எல்லாம் தொப்பலாக நனைந்தது. பிறகு பயபக்தியோடு கதவைச் சாத்தினார்கள்.

அத்தோடு வண்டி கட்டினார்களா? வடக்கே போகிற சாமான். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அது கழிந்தால் அமாவாசை வருகிறது, அமாவாசை போனால் மறுநாள் பாட்டிமை ஆகாது. அதற்குள் நாட்டாமை வீட்டுக் காளைக்குக் கால் பிசகிவிட்டது. அப்பா வீட்டுக் காளையைப் பூட்டலாம் என்றால், அப்படியானால் முதல் வண்டி யாருடையது என்று ஒரு பேச்சு. அந்த வாரக் கடைசி எப்போதோ போய்விட்டிருந்தது.

அத்தை பொறுக்க முடியாமல் ஒரு நாள் அப்பாவிடம் கேட்டாள். “அண்ணே, நனஞ்ச நெல்ல மூட்டையில கட்டி வச்சா மொளைக்கும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா? வருசா வருசம் நாத்துப் பாவ நீங்க அப்படித்தேன வெத நெல்லக் கட்டி வைக்கிறீக?”

அப்பா அதை நன்றாக யோசித்துப் பார்த்தார். “அது வெத நெல்லு. இது தர்ம நெல்லு” என்றார்.

ஒரு வியாழக்கிழமை விடிய வண்டி கிளம்பியது. அப்பாவும் நாட்டாமையும் சமாதானமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். வீரபாண்டியில் அம்மனைக் கும்பிட இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அத்தையும் என்னைக் கூட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். மடியில் ஒரு மூட்டை. மேலே பழைய சேலையைச் சுற்றியிருந்தாள். உள்ளே என்ன என்று எனக்கு மட்டும் தெரியும், வாசம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய வாசம் நெல் மூட்டையிலிருந்து வந்தது. புளித்த வாசம். கை வைத்தால் சுட்டது. “வேப்பெலை நாத்தம்” என்றார் நாட்டாமை. வீரபாண்டியில் அப்பா திரும்பி, “எறங்கலையாத்தா?” என்றார். “வரும்போது கும்புட்டுக்கிறேன்” என்றாள் அத்தை.

தேனி டேசனில் கூட்ஸ் கொட்டகை ஓரம் கதர்க்காரர் நின்றுகொண்டிருந்தார். தூக்கம் இல்லாமல் கண் சிவந்து கிடந்தது. மற்ற ஊர்ச் சாமான்கள் ஏற்கெனவே போய்விட்டன. பிந்தி வந்த ஊர்களுக்காக இன்னொரு பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூட்டையை இறக்கியதும் ஒன்றைப் பிரித்தார். ஆவி குப்பென்று வந்தது. நெல் முழுக்க வெள்ளை முளை. சாக்கோடு சாக்காக வேர் பின்னிப் போயிருந்தது. கோடித் துணியை விரித்தார். மஞ்சள் திட்டுத்திட்டாக, நடுவில் கறுப்புப் பூசணம்.

அவர் துணியை மடித்து மூட்டை மேல் வைத்தார். பிறகு, “என்னங்கய்யா இது? நாத்தங்காலுக்குக் கொண்டு போறத டேசனுக்குக் கொண்டாந்துட்டீக” என்றார்.

கூட்ஸ் கிளார்க் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். இதை ஏற்றினால் மற்ற ஊர் மூட்டையும் கெட்டுப்போகும், ஒரு மணிகூட ஏற்ற முடியாது என்றுவிட்டார். அவ்வளவுதான். டேசன் என்றும் பார்க்காமல் இரண்டு பேருக்கும் பிடித்துக்கொண்டது.

“தண்ணி ஊத்தச் சொன்னது நீங்க!”

“நீ துட்டின்னதாலதேன ஊத்துனது! மொதல்லயே தர்மம்னு ஒத்துக்கிட்டிருந்தா?”

“உள்ள படலன்னு மொதல்ல குதிச்சது யாரு மாமா?”

அத்தை அவர்களைத் தாண்டிக்கொண்டு நேராகக் கதர்க்காரர் முன்னால் போய் நின்றாள். சேலையை உருவிவிட்டுக் கம்பளியை நீட்டினாள்.

“இது பழசு. எங்க வீட்டுக்காரரு போத்துனது. அவரு செத்துப் போயிட்டாரு. நான் தாலியறுத்தவ. எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாங்குவீகளா, மாட்டீகளா?”

அவர் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். கையால் அமுக்கிப் பார்த்தார். “நல்ல கனமா இருக்கும்மா. இதத்தேன அன்னைக்கே கேட்டேன். எந்த ஊரு?” அத்தை ஊர்ப் பெயரைச் சொன்னாள். அவர் தானே பெட்டியில் ஏறி, மற்றக் கம்பளிகளோடு அதையும் வைத்துவிட்டு இறங்கினார்.

கதவைச் சாத்தும் வரைக்கும் அத்தை அங்கேயே நின்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். என் தோளைப் பிடித்து ஆட்டினாள். “போயிருச்சு பாப்பா! எவனோ ஒருத்தன், எவளோ ஒருத்தி, நல்லா இழுத்துப் போத்தித் தூங்கட்டும்.” டேசன் வாசலில் எனக்குப் பொரிகடலை வாங்கித் தந்தாள். திரும்புகிற வழியில் வீரபாண்டியில் இறங்கிக் கும்பிட்டோம். அப்பாவும் நாட்டாமையும் வண்டியிலேயே எதிர் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முளைத்த நெல்லை மாடு தின்றது.

விஷயம் இதோடு முடிந்திருக்கலாம். கதர்க்காரர் வெள்ளை மனசுக்காரர். அடுத்து நன்றி சொல்ல ஊர் ஊராகப் போனவர், இன்ன ஊர் இத்தனை மூட்டை, இன்ன ஊர் இத்தனை துணி என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். எங்கள் ஊர் வந்ததும், ஒரு கம்பளி என்று சொல்லியிருக்கிறார். அடுத்த சந்தையில் நாட்டாமையைப் பார்த்து எவனோ, “என்ன, ஒத்தக் கம்பளி ஊருக்காரரே, சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டான். வந்தாரய்யா அவர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு! ஊர் மானம் போயிற்று. அதுவும் தாலியறுத்த ஒருத்தியின் பழைய கம்பளி, ஊர்ப் பெயரில் போயிருக்கிறது. உடனே சபையைக் கூட்டினார்.

அப்போது மாசி பிறந்துவிட்டது. இரண்டாவது வண்டி அனுப்ப வேண்டும், இந்த முறை பள்ளத்தாக்கே வாயைப் பிளக்க வேண்டும் என்று முடிவானது. அதில் ஒருவருக்கும் மாறுபாடு இல்லை. பிறகு அப்பா தொண்டையைச் செருமினார். “எல்லாஞ் சரி மாமா. ஆனா இந்தத் தடவையாவது துட்டிய துட்டியாச் செய்வோம். தர்மம்னு போயித்தேன இம்புட்டும்.”

“ஆரம்பிச்சுட்டியா மாப்ளே? காப்புக் கட்ட எத்தன நாளு இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?”

நாங்கள் பொம்பளைப் பிள்ளைகள் சாவடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வறட்டி தட்டிக்கொண்டிருந்தோம். அத்தையும் இருந்தாள். கையில் சாணியோடு எழுந்தாள். எங்கே போகிறாள் என்று அம்மா கேட்பதற்குள் சாவடிக்குள் போய் நடுவில் நின்றுவிட்டாள்.

“அண்ணே, மாமா, ஒங்க ரெண்டு பேருக்கும் இனிமே சண்டையே வேணாம்” என்றாள். கத்தவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். “துட்டியா தர்மமான்னு பேசிப் பேசி ஒரு மாசத்த ஓட்டிட்டீக. அந்த மாசம் பூராவும் அவுக வெட்டவெளியிலதேன் கெடந்தாக. பூமி குலுங்கிப் பொழச்சவுகளும் இந்நேரம் கூதல்ல வெறச்சுச் செத்துருப்பாக. இப்ப ஒரு சந்தேகமும் இல்ல. துட்டிதேன். எங்கண்ணன் செயிச்சாச்சு. கோடி எடுத்துக்கிட்டுப் போங்க.”

அத்தை வந்த வழியே வந்து மறுபடி வறட்டி தட்ட உட்கார்ந்தாள். உள்ளே நாட்டாமையின் குரல் கேட்டது.

“மாப்ளே, பொம்பள சபையில வந்து பேசலாம்னு எப்ப முடிவாச்சு?”

“அதையும் பேசித்தேன் முடிவு பண்ணணும் மாமா” என்றார் அப்பா.

விளக்கு வைக்கிற வரைக்கும் அதைப் பேசினார்கள். இரண்டாவது வண்டி போயிற்றா என்று என்னிடம் கேட்காதீர்கள். போகவில்லை.

அத்தைக்கு அம்மா இரண்டு கிழிந்த சேலையைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். அது எந்தக் கூதலைத் தடுக்கும்? அதன் மேல் ஒரு கோணிச் சாக்கை இழுத்து விட்டுக்கொண்டு படுப்பாள். ஒரு நாள் விடிகாலையில் பழக்கத்தில் எழுந்து அவளிடம் போனேன். உள்ளே நுழைந்தால் வெளியே இருப்பதைவிடக் குளிராக இருந்தது.

“ஏ அத்த, ஒனக்குக் கூதலடிக்கலையா?”

கதையில் வருகிற அத்தையாக இருந்தால், எனக்கென்ன கூதல், அங்கே ஒருவர் நன்றாகத் தூங்குகிறாரே அது போதும் என்று சொல்லியிருப்பாள். இவள் என் அத்தை.

“அடிக்கத்தேன் செய்யுது. ராப்பூரா நடுங்குறேன். ஒங்கப்பன்கிட்டப் போயிச் சொல்லு.”

ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கையை எடுத்துவிட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு, சத்தியமாகக் கலங்கியது. “எந் தங்கச்சியா? ஏ கழுத, இத மொதல்லயே சொல்லக் கூடாது? சின்னமனூருச் சந்தையில நல்லதா ஒரு கம்பளி எடுத்துருவோம்” என்றார்.

“எப்பப்பா?”

அவர் விரலை மடக்கினார். “இன்னைக்குச் செவ்வாய். நாளைக்கு அஷ்டமி, மறுநா நவமி. வெள்ளிக்கெழம தாலியறுத்தவளுக்கு எடுக்கக் கூடாது. அங்கிட்டுக் காப்புக் கட்டிருவாக. நல்ல நாளாப் பாத்துச் சொல்றேன், இரு.”

நான் திரும்பிப் போய் அத்தையிடம் அப்படியே சொன்னேன். அவள் சாக்கை உதறிக்கொண்டே சிரித்தாள்.

“ஒங்கப்பன் எனக்குக் கோடிதேன் எடுப்பாரு, வேணும்னாப் பாரு” என்றாள்.

அந்த மாசி போனது. அடுத்த தை வந்தது, அதற்கடுத்த தை வந்தது. ஒவ்வொரு தையிலும் அப்பாவுக்கு ஞாபகம் வரும், வருத்தப்படுவார், விரலை மடக்குவார். மூன்றாவது தையில் எங்கள் பக்கமும் காய்ச்சல் இறங்கியது. அத்தை நடுங்கிய நடுக்கத்துக்கு அம்மா வீட்டில் இருந்த அத்தனை போர்வையையும் கொண்டு வந்து போட்டாள். நிற்கவில்லை. கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு அடங்கிவிட்டாள்.

அன்றைக்கு என்ன கிழமை, சூலம் எந்தத் திசை, ஒன்றும் அப்பா பார்க்கவில்லை. ஒருவரிடமும் ஒரு பேச்சும் பேசவில்லை. அழுதுகொண்டே தானே வண்டியைப் பூட்டி, தேனிக்கு ஓட்டிப் போய், கடைக்காரரை வீட்டிலிருந்து கூட்டி வந்து கடையைத் திறக்க வைத்து, இருந்ததிலேயே நல்ல சேலையாக எடுத்து, மற்றவர்கள் வருவதற்குள் முதல் கோடியைக் கொண்டுவந்து அவள் மேல் போர்த்திவிட்டார்.